கொழும்பில் தொலைந்த அரை மணி நேரம்

ஜாதகம் கணித்துத் தரும் மென்பொருள் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே முதல் மாடி, நான்கு பேர், ஒரு யூபிஎஸ். ஜாதகத்தில் நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டால் மழுப்பிவிடுவேன். கணக்கில் நம்பிக்கை உண்டு. அந்தக் கணக்கே பல வருடமாகத் தப்பாக ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவந்த கதை இது.

டொராண்டோவில் இருந்து ஓர் அம்மா போன் செய்தார். கொழும்புக்காரர், மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். மகள் பிறந்த சமயத்தில் ஊரில் ஒரு சாஸ்திரியார் கையால் எழுதிக் கொடுத்த குறிப்பு பத்திரமாக இருக்கிறது. "குறிப்பில கடக லக்கினம் எண்டு கிடக்கு, உங்கட ஆப் சிம்மம் எண்டு சொல்லுது. எது பிழை, தம்பி?"

இந்த மாதிரிக் கேள்விக்கு எங்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு: "வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வித்தியாசம்மா." இரண்டும் பஞ்சாங்கம் கணிக்கும் இரு முறைகள். பாதிப் புகார்கள் இதிலேயே அடங்கிவிடும். நானும் அதையே சொன்னேன். அவர் அசரவில்லை, குறிப்பைப் படமெடுத்து அனுப்பினார், கூடவே எங்கள் ஆப்பின் திரையையும்.

அவர் மகளின் விவரத்தை இங்கே போடவில்லை. அதே கணக்கு வருகிற வேறொரு தேதியை வைத்துக்கொள்வோம்: 1999 ஆகஸ்ட் 19, வியாழக்கிழமை, காலை 6:15, கொழும்பு. குறிப்பில் இருந்தது இப்படி: "புதன்கிழமை இராத்திரி, விடிந்தால் வியாழன், உதயாதி நாழிகை 59 விநாழிகை 10, கடக லக்கினம்." உதயாதி என்றால் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது. அவர் அனுப்பிய எங்கள் திரையில்: 18-08-1999, புதன்கிழமை, சிம்ம லக்கினம்.

பக்கத்து சீட்டில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "கிழமை ஒத்துப்போகுதே, லக்கினம் மட்டும்தான் அயனாம்சத்துல மாறியிருக்கும்" என்றார். எனக்கும் அப்படியே பட்டது. ஒரு நாள் முழுக்க அயனாம்சம் (ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளிக்கான திருத்தம்) கணிக்கும் நிரலை நோண்டினேன். மறுநாள்தான் ஒன்று உறைத்தது. அதே பதிவை எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தால் 19-08-1999, வியாழன் என்று காட்டுகிறது. ஒரே பதிவு, டொராண்டோவில் புதன், கோயம்புத்தூரில் வியாழன்.

அதாவது இருந்தது இரண்டு தப்பு. ஒரு தப்பு இன்னொன்றின் மேல் போர்வை போர்த்திவிட்டிருந்தது.

முதல் தப்பு, சின்னது

பிறந்த தேதியை சர்வர் '1999-08-19' என்று வெறும் தேதியாகத்தான் அனுப்புகிறது. திரையில் காட்டும் நிரலில் யாரோ அதை ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் பொருளுக்குள் போட்டிருக்கிறார்கள். மணி இல்லாமல் இந்த வடிவத்தில் தேதியைக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி (கிரீனிச்சை ஒட்டிய உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். திரையில் காட்டும்போது பார்ப்பவர் ஊர் நேரத்துக்கு மாற்றும். கோயம்புத்தூரில் அது 19-ஆம் தேதி காலை 5:30, தேதி சரி. டொராண்டோவில் கோடை நேரம் யூடிசிக்கு நான்கு மணி நேரம் பின்னால், எனவே 18-ஆம் தேதி இரவு 8 மணி, தேதி போச்சு. கிரீனிச்சுக்குக் கிழக்கே உட்கார்ந்து எவ்வளவு சோதித்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. நாங்கள் எல்லோரும் கிழக்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

தேதி என்பது ஒரு கணம் கிடையாது. பிறந்த நாள், விடுமுறை நாள், முகூர்த்த நாள் எல்லாம் காலண்டர் தாளில் இருக்கும் எழுத்து. அதற்கு டைம்சோனே கூடாது. டேட் பொருளைத் தூக்கிவிட்டு வெட்டி ஒட்டும் எழுத்துச் சரமாகவே காட்டினோம், அரை மணி நேர வேலை. டொராண்டோவிலும் வியாழன் வந்தது. உடனே அந்த அம்மா போன் செய்து, "முந்தி கிழமையாவது சரியா இருந்தது, இப்ப அதுவும் பிழை" என்றார்.

இரண்டாவது தப்பு

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பஞ்சாங்கத்தில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். விடியற்காலையில் பிறந்த குழந்தைக்குக் கிழமை முந்தைய நாளுடையதுதான், அதனால்தான் 'விடிந்தால் வியாழன்' என்ற அந்தப் பழைய சொற்றொடர். 6:15-க்குப் பிறந்த குழந்தையை சாஸ்திரியார் உதயத்துக்கு முன் பிறந்ததாக எழுதியிருக்கிறார். எங்கள் நிரல் உதயத்துக்குப் பின் என்கிறது. ஆகஸ்ட் நடுவில் கொழும்பில் சூரியன் உதிப்பது இன்றைய கடிகாரப்படி சுமார் 6:05. அப்படியென்றால் எங்கள் நிரல்தானே சரி?

இல்லை. 1999-இல் கொழும்புக் கடிகாரம் இன்றைய கடிகாரம் இல்லை.

1996-இல் இலங்கையில் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் திணறியபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே 25-ஆம் தேதி நள்ளிரவில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். யூடிசியைவிட 5:30 மணி முன்னே என்றிருந்தது 6:30 ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 26-இல் அரை மணி நேரம் பின்வாங்கி 6:00 என்று நிறுத்தினார்கள். அந்த நிலை பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீடித்தது. 2006-இல் புத்தாண்டு முடிந்த இரவு, ஏப்ரல் 15 பிறந்ததும், மறுபடி 5:30-க்கே வந்துவிட்டார்கள்.

ஆக 1999-இல் 6:15 என்றால் நம் கணக்கில் 5:45. சூரியன் வர இன்னும் 20 நிமிடம் இருக்கிறது. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு இரண்டரை விநாழிகை, 20 நிமிடத்துக்கு 50. அறுபது நாழிகையில் 50 விநாழிகை கழித்தால் 59 நாழிகை 10 விநாழிகை. சாஸ்திரியார் எழுதிய அதே எண். எங்கள் நிரல் போட்டது 0 நாழிகை 25 விநாழிகை. உதய நேரத்தில் லக்கினம் சூரியன் நிற்கும் ராசியிலேயே இருக்கும். ஆவணி பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது, சூரியன் சிம்மத்தின் வாசலில் நிற்கிறது, அதனால் உதயத்துக்கு முன்னால் என்றால் கடகம், பின்னால் என்றால் சிம்மம். அரை மணி நேரத்தில் லக்கினமும் மாறியது, கிழமையும் மாறியது. பேனாவும் பஞ்சாங்கமும் வைத்துக் கணித்தவர் சரி, நாங்கள் தப்பு.

நிரலைத் தோண்டினால் 2009-இல் யாரோ எழுதிய ஒரு வரி: நாடு இந்தியா அல்லது இலங்கை என்றால் 5.5. மேலே ஒரு குறிப்பு, 'ரெண்டும் ஒரே நேரம்'. எழுதிய அன்றைக்கு அது உண்மை! 2009-இல் கொழும்பில் யாருக்காவது போன் செய்து மணி கேட்டிருந்தால் 5.5 என்றுதான் உறுதியாகியிருக்கும். மற்ற ஊர்களுக்கு ஓர் அட்டவணை: சிங்கப்பூர் 8, லண்டன் 0, டொராண்டோ -5, கூடவே 'கோடை நேரம்' என்று டிக் அடிக்கும் ஒரு பெட்டி. தன் மகன் பிறந்த நாளில் லண்டனில் கோடை நேரம் அமலில் இருந்ததா என்று அப்பாவைக் கேட்டால் அவர் என்ன சொல்வார், வெயில் அடித்ததா என்று யோசித்து டிக் அடிப்பார்.

சிங்கப்பூரிலும் இதே அரை மணி காத்திருந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11:30 வரை அங்கே 7:30 தான். அந்த நிமிடத்தில் கடிகாரத்தை நள்ளிரவுக்குத் தள்ளி 8:00 ஆக்கினார்கள். மலேசியத் தீபகற்பத்திலும் அப்படியே. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு எங்கள் லக்கினம் ஏழு எட்டுப் பாகை தள்ளி நின்றது.

இவ்வளவு நாள் ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால், எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது பத்துப் பொருத்தம். பொருத்தம் நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்து ஓடுவது. நிலா அரை மணி நேரத்தில் ஏறக்குறைய கால் பாகைதான் நகரும், நட்சத்திரம் மாறுவது அபூர்வம். லக்கினத்தை உற்றுப் பார்ப்பவர்களுக்கோ வாக்கியம், திருக்கணிதம் என்று நாங்களே வாயடைத்து அனுப்பிவிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

திருத்தப் போனபோதுதான் தலைவலி

சரி, 5.5-ஐ எடுத்துவிட்டு 'ஏசியா/கொலம்போ' என்ற, அந்த ஊரின் பழைய நேர மாற்றங்களையும் அறிந்த டைம்சோன் பெயரைப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம். புதிதாக வருகிறவர்களுக்கு முடிந்தது. பழைய பதிவுகளைத் திறந்தால், பிறந்த நேரம் என்று எங்கள் தரவுத்தளத்தில் இருந்தது ஒரே ஒரு பத்தி (நெடுவரிசை): பிறப்பு யூடிசி. பயனர் தட்டிய 6:15 எங்கும் இல்லை. படிவம் வந்த அடுத்த நொடியே 5.5-ஐக் கழித்து, யூடிசியாக மாற்றிச் சேமித்துவிட்டு, மூலத்தைத் தூக்கி எறிந்திருக்கிறோம்.

எல்லா நேரத்தையும் யூடிசியில் சேமி என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. பணம் கட்டிய நேரம், லாகின் ஆன நேரம் என்று மெஷினே பார்த்துக் குறித்த கணங்களுக்கு அது சரி, இன்றைக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஆனால் பிறந்த நேரம் என்பது யாரோ ஒரு நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது. அந்த 6:15-உம் கொழும்பு என்ற ஊரும்தான் சாட்சி. யூடிசி என்பது அந்தச் சாட்சியை வைத்து நாங்கள் எழுதிக்கொண்ட தீர்ப்பு. நாங்கள் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு சாட்சியைக் குப்பையில் போட்டிருந்தோம்.

திருப்பி 5.5-ஐக் கூட்டினால் 6:15 வந்துவிடாதா? வரும், எல்லாப் பதிவும் 5.5 காலத்தில் ஏறியிருந்தால். நடுவில் யாரோ லண்டனைச் சரிசெய்திருந்தார், இன்னொருவர் கோடை நேரப் பெட்டியை எடுத்துவிட்டு மறுபடி போட்டிருந்தார். எந்தப் பதிவு எந்த விதியில் மாறியது என்று பதிவு ஏறிய தேதியையும் கிட் வரலாற்றையும் (நிரலில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் காப்பாற்றியது பிடிஎஃப். ஜாதகம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிஎஃப் போயிருக்கிறது, அதன் முதல் பக்கத்தில் பயனர் தட்டிய நேரம் அப்படியே அச்சாகி இருக்கிறது. பழைய பிடிஎஃப்களைப் படித்து மூல நேரத்தை எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். பிடிஎஃப் இல்லாதவர்களுக்கு மட்டும் கிட் ஆராய்ச்சி.

எங்கள் தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல் தன் பங்குக்குக் கொஞ்சம் விளையாடியது. அந்தப் பத்தி டைம்ஸ்டாம்ப் வகை. அது 1970-க்கு முன்னால் போகாது, 2038 ஜனவரி 19-ஐத் தாண்டாது. தாத்தா பாட்டி ஜாதகங்களுக்காக யாரோ தனியே ஒரு டேட்டைம் பத்தி வைத்து, அதில் யூடிசியும் இல்லாமல் இந்திய நேரமும் இல்லாமல் ஏதோ ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். மொத்தமாக மாற்றலாம் என்று கன்வர்ட்-டிஇசட் என்ற உள்ளமைந்த செயல்பாட்டைக் கூப்பிட்டால் முதலில் எல்லாம் நல் (வெற்று மதிப்பு) என்று வந்தது. டைம்சோன் அட்டவணைகளை சர்வரில் ஏற்றாமல் பெயரைக் கொடுத்தால் அது நல்தான் தரும். ஏற்றிய பிறகு பார்த்தால் 1970-க்கு முந்தைய நேரங்களை மாற்றாமல் கொடுத்தபடியே திருப்பித் தருகிறது. பிழைச் செய்தி கிடையாது, ஒன்றும் கிடையாது. அப்புறம் அதை விட்டுவிட்டு மாற்றம் முழுவதையும் எங்கள் பிஎச்பி மொழி நிரலின் பக்கம் கொண்டுபோனோம்.

இப்போது என்ன வைத்திருக்கிறோம்

பயனர் சொன்ன தேதி, தேதியாக. சொன்ன நேரம், சொன்னபடி. ஊர், அதன் அட்சரேகை தீர்க்கரேகை, டைம்சோன் பெயர். இவற்றை யாரும் தொடக்கூடாது. யூடிசி என்பது இவற்றிலிருந்து பிறக்கும் இன்னொரு பத்தி, எந்தப் பதிப்பு டைம்சோன் தரவை வைத்துக் கணித்தோம் என்ற குறிப்போடு. தரவு புதுப்பித்து வந்தால் அந்தப் பத்தியை அழித்து மறுபடி கணிக்கலாம், ஒரு பயமும் இல்லை.

ஜோதிடருடன் பேச அப்பாயின்ட்மென்ட் போடும் பகுதியையும் இப்படியே மாற்றினோம். வருங்கால நேரமும் யூடிசியில் நிலைக்காது. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேரம் தொடங்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, ரமலானுக்காக அதைத் தள்ளிவைக்கிறோம் என்றது. பாதி நாடு ஏற்றுக்கொள்ளாமல் தன் பாட்டுக்குக் கடிகாரத்தை மாற்றியது. சில நாளிலேயே அரசு முடிவை வாபஸ் வாங்கியது. டைம்சோன் தரவில் அதற்காக ஒரு வாரத்துக்குள் இரண்டு பதிப்புகள். அங்கே மாலை 5 மணி என்று பதிவுசெய்தவர் 5 மணிக்குத்தான் வருவார், நம் யூடிசி என்ன சொன்னாலும்.

இரண்டு இரவுகள் தனியாகத் தொல்லை கொடுத்தன. 1996 மே 25, கொழும்பில் 12 மணிக்கு அடுத்த நிமிடம் 1:01. அன்றைக்கு 12:30-க்குப் பிறந்ததாக ஒரு பதிவு இருந்தால் அப்படி ஒரு நேரமே நடக்கவில்லை. நாங்கள் பயன்படுத்தும் நிரல் நூலகம் மூச்சே விடாமல் அதை 1:30 ஆக்கிக்கொண்டது. 2006 ஏப்ரல் 15-இல் நேர் எதிர்: 12:30 ஆனதும் கடிகாரம் மறுபடி 12 ஆனது, 12:10 இரண்டு முறை வந்தது. அதனால் உள்ளே வரும் நேரத்தை யூடிசிக்கு மாற்றி, திரும்ப ஊர் நேரத்துக்குக் கொண்டுவந்து, அதே எண் வருகிறதா என்று பார்க்கிறோம். வரவில்லை என்றால் அது நடக்காத நேரம், பயனரிடம் கேட்க வேண்டும். இரண்டு விடை பொருந்தினாலும் கேட்க வேண்டும்.

இந்த டைம்சோன் தரவு யாருடையது என்று தேடியபோது கிடைத்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் போன், சர்வர் எல்லாவற்றிலும் இருக்கும் அந்தத் தொகுப்பை ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எகர்ட் உள்ளிட்ட தன்னார்வலர்கள் வளர்த்தது. 2011 செப்டம்பரில் இவர்கள் இருவர் மேலும் அமெரிக்காவில் பதிப்புரிமை வழக்குப் போட்டது அஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம்! எந்த ஊரில் எந்த ஆண்டு கடிகாரம் எப்படி இருந்தது என்று அக்கறையாகத் தொகுத்து வைத்திருந்தவர்கள் ஜோதிடத்துக்காக வேலை செய்தவர்கள்தான், அவர்களுடைய தொகுப்பிலிருந்து ஓல்சனும் எகர்ட்டும் எடுத்துவிட்டார்கள் என்பது வழக்கு. தரவு இருந்த இடம் சில நாள் மூடப்பட்டது, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அதை ஏற்றெடுத்தது, 2012 பிப்ரவரியில் அஸ்ட்ரோலேப் வழக்கை வாபஸ் வாங்கி வருத்தமும் தெரிவித்தது. உலகத்துக் கணினிகள் எல்லாம் மணி பார்க்கும் தரவுக்கு ஜாதகம் பார்ப்பவர்கள் இவ்வளவு கிட்டத்துச் சொந்தம் என்று எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

அந்தத் தரவும் 1970-க்கு முன்னால் முழு உத்தரவாதம் தருவதில்லை. இந்தியாவிலேயே இரண்டாம் உலகப் போரின்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை தொடர்ந்து 6:30. இது தரவில் இருக்கிறது. ஆனால் கிராமத்து வீட்டில் பாட்டன் பிறந்தபோது யார் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார்கள் என்பது எந்தத் தரவிலும் இல்லை.

அதே சிக்கல் இன்னும் கிட்டத்திலும் உண்டு. 1996-இல் கொழும்பு கடிகாரத்தை மாற்றியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் மாற்றவில்லை, 5:30-இலேயே இருந்தார்கள். எங்களுக்கு ஆலோசனை சொல்லும் இலங்கை ஜோதிடர் ஒருவரிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அந்த வருசங்கள்ல பிறந்த பிள்ளையெண்டால் நாங்கள் முதல்ல கேக்கிறதே பழைய நேரமா புது நேரமா எண்டுதான்" என்றார். அவருடைய கேள்வியை அப்படியே படிவத்தில் வைத்தோம். பிறந்த இடம் இலங்கை, ஆண்டு 1996 முதல் 2006 என்றால் மட்டும் தோன்றும்: பழைய நேரம், புது நேரம், தெரியாது. பழைய நேரம் என்று சொன்னால் டைம்சோன் பெயரை ஓரங்கட்டிவிட்டு 5:30 என்று தனிப் பத்தியில் எழுதிக்கொள்கிறோம்.

டொராண்டோ அம்மாவுக்குக் கடக லக்கினம், 59 நாழிகை 10 விநாழிகை, 'புதன் இரவு, விடிந்தால் வியாழன்' என்று புதுப் பிடிஎஃப் அனுப்பினோம். மன்னிப்பும் கேட்டோம். "பரவாயில்லை தம்பி" என்றவர், கிளிநொச்சியில் 2001-இல் பிறந்த தன் மருமகனின் குறிப்பையும் அனுப்பி வைத்தார். அதில் நேரம் மட்டும் இருக்கிறது, எந்த நேரம் என்று இல்லை, கேட்டுச் சொல்ல அவன் அம்மாவும் இல்லை. 'தெரியாது' என்று டிக் அடித்தால் இப்போது எங்கள் ஆப் இரண்டு கட்டம் போடுகிறது, பக்கத்தில் பக்கத்தில்.